கடைசிச் சரணம்

தெருவின் கடைசி வீடு அது. வண்டி நின்றதும் அக்கா உடனே இறங்கவில்லை. முதலில் கேட்டைப் பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். யாரும் இல்லை. மழை வரப்போகிற மத்தியான வெளிச்சத்தில் தெரு வெறிச்சென்று கிடந்தது.

"இறங்குங்க மேடம், பேய் ஒண்ணும் இல்ல" என்றான் தம்பியின் மேனேஜர், மைக் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

"பேய்னு நான் சொன்னேனா? நீங்கதான் சொல்றீங்க."

சந்தேகம் அவளோடு கூடவே பிறந்தது. தம்பி அதற்கப்புறம்தான் பிறந்தான். ஒலிப்பதிவு செய்கிறவளுக்கு அது நல்ல குணம். ஆனால் இந்த மேனேஜர் விஷயத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஆசாமி. தம்பிக்குத் தும்மல் வந்தால்கூட நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லி அதையும் செய்தியாக்கிவிடுவான்.

தம்பி பாடகன். கதை சொல்கிற பாட்டுகள்தான் அவன் பலம். ஒரு ஆள், அவனுக்கு ஒரு துக்கம், நாலு சரணத்தில் ஒரு முழு வாழ்க்கை. ஜனங்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குக் குழுவில் எல்லோரும் 'நிழல்' என்று பேர் வைத்திருந்தார்கள். தம்பி போகிற இடமெல்லாம் அவனும் வந்து நிற்பான். தம்பி தாடி வளர்த்தால் வளர்ப்பான், மழித்தால் மழிப்பான். பாட்டில் என்ன வருகிறதோ அதை அப்படியே செய்வான். 'செருப்பில்லாமல் உன்னைத் தேடி வந்தேன்' என்று ஒரு வரி வந்தது. மறுநாளே கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றான். அவன் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "அண்ணன் இன்னைக்குப் பாடுவாரா?" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், "இவனை வீட்டு வாசலண்டை விடாதே" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தம்பிக்குக் குறும்பு ஜாஸ்தி. நிழலையே பாட்டாக்கிவிட்டான். ஒரு ரசிகன் தன் பாடகனிடம் பேசுகிற மாதிரியான பாட்டு. வாசலில் நிற்கிறான், ஒரு தடவை பார் என்று கெஞ்சுகிறான், கடைசிச் சரணத்தில் பாலத்திலிருந்து குதிக்கிறான். 'அப்போதாவது என் பேர் கேட்பாய்' என்று முடியும். மேடையில் அதைப் பாடும்போது தம்பி கீழே நின்றவனைக் கைகாட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நிழல் சந்தோஷத்தில் அழுதான். "அண்ணன் என்னைப் பாடிட்டாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

மறுநாள் காலையில் பாலத்துக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு தம்பி பாடவில்லை. வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்றான். ஊரையும் கூட்டத்தையும் விட்டு இந்தப் பழைய வீட்டில் வந்து அடைந்துகொண்டான். இப்போதுதான், ஒரே ஒரு பாட்டு பாட வேண்டும், அக்காதான் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். அவன் திரும்பப் பாடாவிட்டால் பிழைக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் வந்தாள்.

கூடம் பெரிதாக இருந்தது. உயரமான கூரை, ஈரச் சுண்ணாம்பு வாடை. நடுவில் ஒரு நாற்காலி. தம்பி தரையில் கிதாரோடு உட்கார்ந்திருந்தான்.

"வா அக்கா. சாப்டியா?"

"நான் சாப்பிட்டது இருக்கட்டும். நீ சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு? கன்னம் ஒட்டிக் கிடக்கு." அவன் தலையைத் தடவிவிட்டாள். "பாட்டைச் சொல்லு, கேப்போம்."

"பாடும்போது கேளேன். முன்னாடியே சொன்னா நீ குடைஞ்சுகிட்டே இருப்ப."

அவள் விட்டுவிட்டாள். அதுதான் தப்பு.

பாடுவதற்கு முன்னால் வெறும் அறையைப் பதிவு செய்வது அவள் வழக்கம். எந்த அறைக்கும் அதற்கென்று ஒரு மௌனம் உண்டு. தூரத்து வண்டிச் சத்தம், மின்விளக்கின் ரீங்காரம் எல்லாம் கலந்த மௌனம். அதைப் பிடித்துக் கணினிக்குக் காட்டி, 'இது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பாட்டிலிருந்து கழித்துவிடு' என்றால் கழித்துவிடும். பாட்டு சுத்தமாகிவிடும். மேனேஜரை வண்டிக்கு அனுப்பினாள். தம்பியைச் சுவரோரமாக அசையாமல் நிற்கச் சொன்னாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மௌனத்தைப் பதிவு செய்தாள்.

மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஏண்டா, கொஞ்ச நேரம் மூச்சை மெதுவா விடக் கூடாதா?"

"மெதுவாத்தான் விடறேன்."

அவள் தம்பியின் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறி இறங்குவது ஒரு கணக்கு. காதில் கேட்பது வேறு கணக்கு. மைக்குக்கு மிகப் பக்கத்தில், காலியாக இருந்த நாற்காலியின் பக்கத்திலிருந்து வந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தாள். சமையலறை, மாடி, குளியலறை, ஒவ்வொரு கதவின் பின்னாலும் பார்த்தாள். பூட்டிக் கிடந்த பின்னறையை மேனேஜரைக் கூப்பிட்டுத் திறக்க வைத்தாள். உள்ளே சுருட்டி வைத்த பாய்களும் தூசியும்தான். அவளுக்கு அப்படியும் மனசு ஆறவில்லை.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க ஸ்பீக்கரை?"

"மேடம், என்ன பேசறீங்க?"

"'அமானுஷ்யப் பாட்டு'ன்னு விளம்பரம் பண்ணலாம்னு பாக்கறீங்க. உங்க புத்தி எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா இல்லைங்க. செத்தவனை வச்சு விளையாடற அளவுக்கு நான் கெட்டவன் இல்ல."

"அந்த அளவுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டுவிட்டு அவனைத் திரும்ப வண்டிக்கே விரட்டினாள். ஆனால் அவன் முகத்தில் இருந்தது நிஜமான பயம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நாம் ஏன் அரள வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்து பாடினான்.

எத்தனை மாதம் கழித்துக் கேட்கிற குரல். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாட்டு முழுக்க மன்னிப்புதான். உன் பேர்கூட எனக்குத் தெரியாது, உன்னைக் கைகாட்டிச் சிரித்தேன் என்று போயிற்று. கடைசிச் சரணத்துக்கு வந்தான்.

'கதவைத் திறந்தேன், உள்ளே வா,
என் நாற்காலியில் நீ உட்கார்,
இத்தனை நாள் நீ வாசலில் நின்றாய்,
இனி நீ பாடு, நான் நிற்கிறேன்.'

பாடி முடித்துவிட்டுத் தம்பி சிரித்தான். வெகு நாளாகப் பார்க்காத சிரிப்பு. "அப்பாடா. மனசு லேசாயிடுச்சு அக்கா" என்றான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். அறையின் மௌனத்தைக் கணினிக்குக் காட்டினாள். கழி என்றாள். ஹெட்போனை மாட்டிப் பாட்டை ஓடவிட்டாள்.

கிதார் மட்டும் கேட்டது.

ஏதோ தவறு என்று மறுபடி செய்தாள். கிதார், விரல் கம்பியில் உரசுகிற சத்தம், நாற்காலி முனகுகிற சத்தம், எல்லாம் துல்லியமாக இருந்தன. தம்பியின் குரல் மட்டும் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை.

அப்படியென்றால் அந்தக் குரல் மௌனத்தில் இருந்திருக்க வேண்டும்.

பாடுவதற்கு முன்னால் பிடித்த அந்த வெறும் அறையை எடுத்து, சத்தத்தைக் கூட்டினாள். மூச்சு. இன்னும் கூட்டினாள். மூச்சுக்கு அடியில் யாரோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். முழுவதுமாகக் கூட்டினாள்.

தம்பியின் குரல். அதே பாட்டு. அப்போது அவன் வாயே திறக்கவில்லை.

"இந்தப் பாட்டை இதுக்கு முன்னாடி இங்க பாடினியா?" என்று ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"தினமும் பாடிப் பாத்துப்பேன். ஏன்?"

"யாருக்கு முன்னாடி?"

"யாரு இருக்கா இங்க?"

அவள் எழுந்து அவன் தோளைப் பிடித்தாள். "டேய், அவன் பாட்டுல சொன்னதைச் செய்யறவன்டா. செருப்பைக் கழட்டுன்னா கழட்டினான். குதின்னா குதிச்சான். இப்ப நீ என்ன சொல்லி வச்சிருக்க?"

"செத்தவனுக்குப் பாட்டு கேக்குமா அக்கா?"

"கேக்காதுன்னா யாருக்குடா பாடின?"

தம்பி கிதாரைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"மாத்திப் பாடு" என்றாள். "போயிடுன்னு பாடு. கதவைச் சாத்திட்டேன்னு பாடு."

"பாவம்க்கா அவன்."

"பாவம்தான். எனக்கு நீ வேணும்டா."

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து கிதாரை எடுத்தான். மீட்டினான். வாயைத் திறந்தான். உதடுகள் அசைந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

சத்தம் வரவில்லை.

மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து மெல்லியதாக, 'கதவைத் திறந்தேன், உள்ளே வா' என்று கேட்டது.

அவள் பதிவை அழித்தாள். குரல் நிற்கவில்லை. கேபிளைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கிப் போட்டாள். ஹெட்போன் அடங்கியது. இப்போது குரல் கூடத்தின் நடுவிலிருந்து வந்தது, நல்ல கணீரென்று.

நிமிர்ந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. தம்பி அங்கே இல்லை.

வாசலுக்கு ஓடினாள். மேனேஜர் குடையோடு எதிரே வந்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டேன் மேடம். குரல் பழையபடி வந்துடுச்சு. என்னமா பாடறாரு." அவள் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னாலேயே வந்தவன் கேட்டருகே பார்த்துவிட்டு நின்றுவிட்டான். குடை கையிலிருந்து நழுவியது.

"உள்ள பாடிட்டிருக்காரே மேடம். அப்ப இது யாரு?"

கேட்டுக்கு வெளியே தம்பி நின்றிருந்தான். கொட்டுகிற மழையில், இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, கூடத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயமே இல்லை.

கம்பிக்கு வெளியே கைநீட்டி அவன் கையைப் பிடித்தாள். "உள்ள வாடா. வா, வீட்டுக்குப் போயிடலாம்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்தான். உதட்டில் விரல் வைத்தான்.

"மெதுவா பேசுங்க" என்றான் அடைத்துப்போன, வேறு யாருடையதோ போன்ற ஒரு குரலில். "அண்ணன் பாடறாரு."

உள்ளே பாட்டு முடிந்தது. பிறகு கூடத்திலிருந்து, அவள் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்த தம்பியின் குரல், அதே குழைவோடு கூப்பிட்டது.

"அக்கா, எங்க போயிட்ட? உள்ள வா."

அவள் பிடித்திருந்த கை சிலிர்த்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவனின் கண்கள் விரிந்தன. அவளை ஏற இறங்கப் பார்த்தான். நம்ப முடியாத சந்தோஷத்தில் அவன் உதடுகள் நடுங்கின.

"நீங்க அண்ணனோட அக்காவா?" என்று கேட்டான். "எனக்கு ஒரே ஒரு கையெழுத்து வாங்கித் தருவீங்களா?"