இருபத்தெட்டாம் நாள்

தொட்டித் தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டு முதல் கியூபைத் தூக்கியபோதே அவளுக்கு என்னவோ போலிருந்தது. கான்கிரீட் சூடாக இருந்தது. கொதிக்கிற சூடு இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தடியில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. தண்ணீர் என்னவோ சில்லென்றுதான் இருந்தது.

கான்கிரீட் சூடாகும்தான், இல்லையென்று யார் சொன்னார்கள்? வார்த்த முதல் இரண்டு நாள் சிமென்ட் இறுகும்போது சூடு கிளம்பும், பிறகு ஆறிப்போகும். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிக் கிடந்தது சூடாக வந்ததை இந்தப் பதினோரு வருஷ வேலையில் அவள் கண்டதில்லை. தனக்குத்தான் காய்ச்சலோ என்று புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. பரிசோதனைக் கூடத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. மாடியில் காற்றுத் தூசியையும் ஆலைக் கழிவுநீரையும் சோதிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமையே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்; அவர்கள் விட்டுப்போன அமில நெடி மட்டும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்து, கீழ்த்தளத்துச் சுண்ணாம்பு ஈரத்தோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. தொட்டி அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு குழல் விளக்கு, அதுவும் நினைத்து நினைத்து எரிந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூடலாம் என்று தேடிப் போனால் எல்லாக் குழாயும் மூடித்தான் இருந்தது.

உள்ளே வரும்போதே வாசல் காவலாளி வம்புக்கு இழுத்திருந்தார்.

"என்ன இருபத்தெட்டு மேடம், ஞாயித்துக்கிழமையும் விடமாட்டீங்களா?"

"இருபத்தெட்டாம் நாள் ஞாயித்துக்கிழமையில வந்து விழுந்தா நான் என்னண்ணே பண்றது?"

"திங்கக்கிழமை உடைச்சா கான்கிரீட்டு கோவிச்சுக்குமா?"

சிரித்துவிட்டுத்தான் வந்தாள்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. கட்டடத்துக்குக் கான்கிரீட் போடும்போதே அதில் கொஞ்சம் எடுத்து அச்சில் ஒரு சாண் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, ஒரு தொகுதிக்கு மூன்று கியூபாக இங்கே கொண்டுவந்து தண்ணீரில் போடுவார்கள். சரியாக இருபத்தெட்டாம் நாள் மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கி உடைந்தது என்று எழுத வேண்டும். ஒரு நாள் முன்னேயும் கூடாது, பின்னேயும் கூடாது. பண்டிகையோ மழையோ, அந்த நாளில் அவள் வந்து நிற்பாள். மற்றவர்கள் ஏழாம் நாள் உடைத்த கணக்கை ஒன்றரையால் பெருக்கி எழுதிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார்கள். அவள் செய்ததில்லை.

ஒரே ஒரு தடவை தவிர. அதை அவள் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று கியூபையும் தூக்கித் தரையில் வைத்தாள். மூன்றிலும் பச்சைப் பாசி வழுவழுவென்று அப்பிக்கொண்டு, சிவப்பு மையில் எழுதியிருந்த எண்களை மறைத்திருந்தது. இருபத்தெட்டு நாளில் இவ்வளவு பாசியா என்று ஒரு எண்ணம் வந்தது. போகட்டும். துடைத்து, எண்ணைப் படித்து, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். அதுதான் முறை. இன்றைக்கு யார் பார்க்கப் போகிறார்கள், முதலில் உடைத்துவிடுவோம், துடைப்பதும் எழுதுவதும் அப்புறம் ஆகட்டும் என்று முடிவு பண்ணினாள். நாலு மணிக்குள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பாப்பாவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை வந்தால் பாப்பாவை அக்கா வீட்டில்தான் விடுவாள். அக்கா வீடு நாலாம் மாடி. பாப்பா அவள் மகள், ஐந்து வயசு வாண்டு. பகலில் அக்காவின் உள் அறையில் தூங்கும், எழுந்ததும் கதவைத் தட்டும். டொக், டொக், டொக். மூன்றே தட்டு. பிறகு, வெளியிலிருந்து யாராவது "வந்துட்டேன்" என்று சொல்லும்வரை சத்தம் காட்டாமல் காத்திருக்கும். நாலாவது தட்டு தட்டாது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அப்படி ஒரு பழக்கம்.

தராசில் வைத்தாள். முதலாவது எட்டு கிலோ சொச்சம். இரண்டாவதும் அதேதான். மூன்றாவதை வைத்ததும் எண் நிலைகொள்ளவில்லை. ஐந்து கிராம் ஏறியது, இறங்கியது, கொஞ்சம் நின்று மறுபடி ஏறியது. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றி ஓய்ந்த பிறகும் எண் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது, அவசரமே இல்லாமல், மூச்சு விடுகிற கணக்கில். பழைய தராசு, சனியன், எப்போது மாற்றித் தொலைப்பார்களோ என்று முணுமுணுத்துக்கொண்டு கியூபை எடுத்துவிட்டாள்.

மெஷின் அறை அடுத்தது. இரண்டு தடித்த இரும்புத் தட்டு, நடுவில் கியூப், பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்ட முகப்பு, அதில் பாரம் காட்டும் முள். மோட்டாரைப் போட்டாள். முள் மெதுவாகக் கிளம்பியது. நூறு. இருநூறு. நல்ல கான்கிரீட் ஐந்நூறையாவது தாண்ட வேண்டும், தாண்டி ஒரு கட்டத்தில் படாரென்று வெடிக்கும். பதினோரு வருஷமாகக் கேட்டும் அந்தச் சத்தத்துக்கு அவள் தோள் ஒரு தரம் தூக்கிப் போடும்.

இது முந்நூறிலேயே போய்விட்டது. வெடிக்கவும் இல்லை. யாரோ நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை விட்டதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் இடுப்பு சிறுத்து நின்றது. அதிலிருந்து கிளம்பிய தூசியில் சிமென்ட் வாடை இல்லை. அந்துருண்டை வாடை வந்தது. பூட்டிவைத்த துணி அலமாரி வாடை. தெரிந்த வாடைதான், எங்கே முகர்ந்தோம் என்பது மட்டும் பிடிபடவில்லை.

வெளியே நாற்காலியில் கிடந்த கைப்பையில் போன் அதிர்ந்தது. கையெல்லாம் சகதி. அடித்து ஓய்ந்தது.

இரண்டாவது கியூபை ஏற்றினாள். இருநூற்றுத் தொண்ணூறில் போனது. அதே பெருமூச்சு, அதே வாடை. யார் கட்டடமோ பாவம், இப்படியா மோசம் பண்ணுவான் என்று வாய்விட்டே சொன்னாள். போன் மறுபடி அதிர்ந்தது.

மூன்றாவது. அது முன்னதைவிடச் சூடாக இருந்தது. தட்டுகளுக்கு நடுவில் வைத்து மோட்டாரைப் போட்டாள். முள் நகரத் தொடங்கியதும், சும்மா நிற்கிற நேரத்தில் எண்ணையாவது படிப்போம் என்று துணியை எடுத்து அதன் முகத்துப் பாசியைத் துடைத்தாள்.

சிவப்பு மை. அவள் கையெழுத்து. வார்த்த தேதி இரண்டு வருஷம் முந்தியது.

துணியால் இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தாள். அதே தேதிதான்.

அந்த மூன்று கியூப். அவற்றின் இருபத்தெட்டாம் நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். பாப்பாவுக்கு நெருப்பாய்க் காய்ச்சல், மடியை விட்டு இறங்கவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தாள். மழையில் வார்த்த கான்கிரீட், ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பார்க்கத்தான் பார்த்தாள். ஏழாம் நாள் உடைத்தவை மழைக்கு முந்தி வார்த்தவை. அந்தக் கணக்கு நன்றாக இருந்தது. அதை ஒன்றரையால் பெருக்கி எழுநூற்றுப் பத்து என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். மூன்றையும் உடைக்காமலே பின்பக்கத்து இடிபாட்டு மேட்டில் போடச் சொன்னாள். லாரி வந்து அள்ளிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தாள்.

அவை கீழ்த்தளத் தூண்களுக்கான கியூப். அந்தக் கட்டடத்தில்தான் அக்கா வீடு வாங்கினாள். வாங்கும் முன் இவளிடம்தான் கேட்டாள். 'நானே டெஸ்ட் பண்ணேன்க்கா, கண்ணை மூடிட்டு வாங்கு' என்று இந்த வாய்தான் சொன்னது.

போன் மூன்றாவது தடவை அடித்தது. ஓடிப்போய்ச் சகதிக் கையோடு எடுத்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? எத்தனை தடவை அடிக்கிறது?" அக்காவின் குரல் கீச்சென்று ஏறியிருந்தது.

"மெஷின்ல இருந்தேன்க்கா. என்ன ஆச்சு?"

"கீழ கார் நிறுத்துற இடத்துல என்னமோ சத்தம்டி. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. வீடே ஒரு ஆட்டம் ஆடிச்சு. மாமா கீழ போய்ப் பாத்தாரு. ரெண்டு தூணு நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவுல இடுப்பு மாதிரி சிறுத்து நிக்குதாம். ஒண்ணும் ஆகாதுல்ல? நீதானே டெஸ்ட் பண்ணே?"

மெஷின் அடியில் உதிர்ந்து கிடந்த இரண்டையும் பார்த்தாள். நாலு பக்கமும் உதிர்ந்து, இடுப்பு சிறுத்து.

அந்துருண்டை வாடை. அக்காவின் உள் அறை அலமாரி.

"அக்கா, பாப்பாவைத் தூக்கிட்டு இறங்கு. இப்பவே. எதையும் எடுக்காதே."

"அதுக்குத்தான்டி உனக்கு அடிச்சேன்." அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "உள் ரூம்ல தூங்குறா. கதவு திறக்க மாட்டேங்குது. தாழ்ப்பாள் போடலைடி. நிலையை மேல இருந்து யாரோ அமுக்குற மாதிரி இறுகிக் கெடக்கு. மாமா மேல ஓடி வந்துட்டிருக்காரு."

மெஷினுக்குப் பாய்ந்தாள். முள் இருநூற்றைத் தாண்டியிருந்தது. மோட்டாரை அணைத்தாள். பாரத்தை இறக்கும் பிடியைத் திருப்பினாள். பிடி வழுக்கிக்கொண்டு சுற்றியது. மறுபடி திருப்பினாள். சும்மா சுற்றியது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மோட்டார் சத்தம் நின்றது. அறை அப்படியே அமுங்கிப்போனது.

முள் நிற்கவில்லை.

இருநூற்று இருபது. இருநூற்று முப்பது. மின்சாரம் இல்லாமல். யாரும் தொடாமல். எழுநூற்றுப் பத்து முகப்பின் மறுகோடியில் எங்கோ இருந்தது. இரும்புக் கம்பியைத் தட்டுக்கு அடியில் விட்டு நெம்பினாள். கம்பி வளைந்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின்மேல் வைத்தாள். அக்கா கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் அப்பால், தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

"பெரிம்மா, அம்மா வந்துட்டாளா?"

"பாப்பா!" என்று போனுக்குள் கத்தினாள். "அம்மா இருக்கேன்டா! ஜன்னல்கிட்ட போ!"

"அம்மா, சுவர் ஏன் கிட்ட வருது?"

போனில் ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை. அக்கா இல்லை, இடிக்கும் சத்தம் இல்லை. அழைப்பு மட்டும் அறுபடாமல் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இருநூற்று எழுபது.

டொக். டொக். டொக்.

போனிலிருந்து வரவில்லை. போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். இல்லை.

குனிந்தாள். இரண்டு கையாலும் கியூபைப் பிடித்தாள். நன்றாகச் சூடாக இருந்தது. உள்ளங்கையில் உணர்ந்தாள். ஒரு சாண் கான்கிரீட்டுக்குள்ளே, சின்ன விரல் முட்டியால்.

டொக். டொக். டொக்.

"நான்தான் பாவி," என்றாள். "நான்தான்டா கண்ணு. அம்மாதான்."

இருநூற்று எண்பது. மேல் மூலையில் மயிரிழையாய் ஒரு கோடு விழுந்தது. தேதிக்குக் குறுக்கே இறங்கியது. அவள் கையெழுத்துக்குக் குறுக்கே.

டொக். டொக். டொக்.

இத்தனை நாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னதையே சொன்னாள்.

"வந்துட்டேன்."

உள்ளே தட்டுவது நின்றது. குழந்தை சத்தம் காட்டாமல் காத்திருந்தது. முள் நகர்ந்தது.