சுடாதவர் வாங்கிய காதுமூடி

அழகுமீனா தன் பையிலிருந்து ஒரு காதுமூடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாட்டுக் கேட்கிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்வது போலத்தான் இருந்தது. ஆனால் அதைவிடத் தடிமன்.

"இதை வெச்சுத்தான் மேடம் என்னையப் பொய்க்காரின்னு சொல்லுதாக" என்றாள்.

விருதுநகரில் ஒரு பருப்புக் கடையின் மாடியில் இருந்தது கற்பகவல்லியின் துப்பறியும் அலுவலகம். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய கணவர் வெள்ளைத்துரை அவசரப்பட்டுக்கொள்வார். சிமெண்ட் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனைவிக்கு உதவியாளராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்ட மனிதர் அவர். சம்பளம் கிடையாது; சந்தேகம் மட்டும் ஏராளம்.

"முதல்ல இருந்து சொல்லும்மா" என்றார் கற்பகவல்லி.

அழகுமீனா ரைபிள் சுடும் வீராங்கனை. அடுத்த வாரம் தேசிய அணித் தேர்வு. போன புதன்கிழமை மாலை ஆனைக்குட்டம் பக்கமுள்ள கிளப்பில் படுத்தபடி சுட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். காற்றில் பக்கத்து வரிசைக் குறி அட்டை சாய்ந்தது. அதை நிமிர்த்த உதவியாளர் பாண்டிச்செல்வம் குறிகளுக்குக் குறுக்கே வந்தார். அதே நேரம் அவள் சுட்ட குண்டு அவர் கையைக் கிழித்துக்கொண்டு போனது. உயிருக்கு ஆபத்தில்லை, தையல் போட்டிருக்கிறார்கள்.

"ஒரு கண்ணை மறைச்சு, சின்ன ஓட்டை வழியாத்தான் மேடம் பார்ப்போம். என் அட்டையைத் தவிர எதுவும் தெரியாது. அதுக்குத்தான், சுடச் சொல்லவும் நிறுத்தச் சொல்லவும் ரேஞ்ச் ஆபீசர்னு ஒருத்தர் நிக்கிறாரு. அவரு, காளிராஜ், ரெண்டு தடவை 'நிறுத்து'ன்னு கத்தினதாச் சொல்றாரு. சத்தியமா அவரு கத்தலை."

"காதை மூடியிருந்தா எப்படிம்மா கேட்கும்?" என்று குறுக்கே புகுந்தார் வெள்ளைத்துரை.

"அங்கதான் சார் மாட்டிக்கிட்டேன். இது எலெக்ட்ரானிக். வெளியில மைக் இருக்கு. பேச்சுக் குரலைக் கூட்டிக் குடுக்கும். வெடிச் சத்தம் வந்தா மட்டும் கண்ணிமைக்கிற நேரத்துல அடக்கிரும். கமிட்டில மாட்டிப் பார்த்தாக. நல்லா வேலை செய்யுது. அப்போ உனக்குக் கேட்டிருக்கும், கேட்டும் திமிர்ல சுட்டுட்டேன்றாக. ஞாயித்துக்கிழமை முடிவு. ரெண்டு வருசம் தடை."

"அங்கே வேற யார் இருந்தா?"

அந்தப் பெண் காதுமூடியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க அப்பா. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனில போர்மேன். வேலை முடிஞ்சு நேரா கிளப்புக்கு வந்து எனக்குப் பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தாரு, எப்பவும் போல அவரோட காதுமூடியை மாட்டிக்கிட்டு. அவருது என்னுதைவிட விலை கூடுனது. காளிராஜ் கத்தினது அவருக்குக் கேட்டுச்சாம். கமிட்டில சொல்லிட்டாரு. அன்னைல இருந்து நான் அப்பாகூடப் பேசலை."

பெற்ற தகப்பனே சாட்சி சொன்னபின் யார் நம்புவார்கள்? கற்பகவல்லிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவமாக இருக்கிறவர்களும் பொய் சொல்வார்கள் என்பது போலீசில் கற்றது.

அவள் போனதும் வெள்ளைத்துரை கதவைச் சாத்தினார். "தெளிவா இருக்கு கற்பகம். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பான். துப்பாக்கியும் கையுமாத் திரியுறவளை எவன் கட்டுவான்? அதான் காளிராஜைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு முடிச்சு விட்டுட்டான்."

"இருக்கலாம்" என்றார் கற்பகவல்லி. அவர் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது கணவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

காளிராஜ் கிளப்பில் மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்சம் கூடுதல் மரியாதை. "நான் கத்துனது அவுக அப்பாவுக்கே கேட்டிருக்கு மேடம். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?" அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது, பேசிவிட்டு வந்தார். மறுபடி அடித்தது.

கட்டுப் போட்ட கையோடு இருந்த பாண்டிச்செல்வத்தால் பெரிதாக உதவ முடியவில்லை. "நான் அட்டைக்குப் பக்கத்து ரூம்ல இருந்தேன். இங்கன இருந்து காளிராஜ் அண்ணன் கையைக் காட்டி, போய்ச் சரி பண்ணுன்னாக. போனேன். கத்துனாகளான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அன்னைக்குக் காத்து அம்புட்டு அடிச்சுச்சு."

ஆக, கத்தியதாகச் சொல்ல இருவர். கத்தவில்லை என்று சொல்ல ஒருத்தி. அந்த ஒருத்திக்குத்தான் பொய் சொல்லக் காரணமும் இருந்தது.

மறுநாள் தாயில்பட்டிக்குப் போனார்கள். பட்டாசுக் கம்பெனி வாசலில் சோதனை போடும் முத்துப்பேச்சி இருவரின் போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் வைத்தார். வெள்ளைத்துரை சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி டார்ச்சையும் விடவில்லை.

"இதுல என்னம்மா இருக்கு? சின்ன பேட்டரி" என்று முனகினார் வெள்ளைத்துரை.

"சின்னதோ பெருசோ, பேட்டரின்னா உள்ளுக்கு விட மாட்டோம் சார். ஒரு பொறி பத்தாதா? எங்க போர்மேன் அய்யாவே வெடிச் சத்தம் சோதிக்கிற அன்னைக்குக் காதுமூடி கொண்டாந்தா, பேட்டரிக் கட்டையக் கழட்டி இந்தப் பெட்டில போட்டுட்டு வெறும் மூடியத்தான் எடுத்துட்டுப் போவாக. பழகின கை, தன்னால கழட்டும். போன புதன்கிழமை திரும்ப வாங்க மறந்துட்டே போயிட்டாக. மறுநாள் காலைலதான் நான் எடுத்துக் குடுத்தேன். அவுகளே அப்படி இருக்காக, நீங்க கோவப்படுதீகளே."

கற்பகவல்லி சிரித்துக்கொண்டே தன் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

அழகுமீனாவின் அப்பா செல்லப்பாண்டி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கறுத்த, கட்டுமஸ்தான ஆள். கற்பகவல்லிக்கு நேர் எதிரே, வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படியாகத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, புதன்கிழமை அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. ரெண்டு தடவை 'நிறுத்து'ன்னாரு. என் காதுமூடில எறும்பு ஊர்றதுகூடக் கேக்கும். மகளாச்சேன்னு பார்த்துப் பொய் சொல்ல முடியுமா?"

மரத்தைச் சுற்றிவந்து அவருக்குப் பின்னால் நின்றிருந்த வெள்ளைத்துரை, "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்குறீகளோ?" என்று கேட்டார். பதில் இல்லை. செல்லப்பாண்டி கற்பகவல்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை இன்னொரு முறை, சற்று மிடுக்காகவே கேட்டார். அப்போதும் அந்த மனிதர் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் வெள்ளைத்துரை பொரிந்து தள்ளினார். "பார்த்தியா? கல்யாணப் பேச்சை எடுத்ததும் வாயே திறக்கலை. குத்தமுள்ள நெஞ்சு!"

"உங்களுக்குப் பதில் சொல்லாதது ஒரு குத்தமா? நானே பாதி நேரம் சொல்றதில்லை" என்றார் கற்பகவல்லி. "சிவகாசிக்கு வண்டியை விடுங்க. அந்தக் காதுமூடி வாங்கின கடையைப் பார்க்கணும்."

கையுறை, முகமூடி, தீயணைப்பு வாளி என்று கம்பெனிகளுக்கு வேண்டிய பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் கடை அது. கடைக்காரர் கமாலுதீன் பாய்க்குச் செல்லப்பாண்டியை நன்றாக நினைவிருந்தது.

"சுடுறவுக வந்தா மொதல்ல கேக்குறது, இது எம்புட்டுச் சத்தத்தை அடக்கும்னு. அடுத்தது, ரைபிள் கட்டையில கன்னத்தை வெச்சா மூடி இடிக்குமான்னு. அந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் பார்த்து ஒல்லியானதாக் குடுத்தேன். கூட வந்த அவுக அப்பா தனக்கும் ஒண்ணு கேட்டாரு. நீங்க சுடப்போறதில்ல, உக்காந்து பார்க்குறதுக்குக் காதுல அடைக்குற ஸ்பாஞ்சு போதும், இருவது ரூவான்னேன். கேக்கலையே."

"பிறகு?"

"பிள்ளையை வண்டிக்குப் போகச் சொல்லிட்டு, இருக்குற அம்புட்டையும் மாட்டிப் பார்த்தாரு. என் மக ஷிபானாவை எதிர்க்கடை வாசல்ல நின்னு பேசச் சொன்னாரு. எதுல அவ பேச்சு நல்லாக் கேட்டுச்சோ, அதை எடுத்துக்கிட்டாரு. சத்தத்தை எம்புட்டு அடக்கும்னு ஒரு வார்த்தை கேக்கலை. நல்லா அடக்குற மாடல் ஒண்ணு இருந்துச்சு, அதை வேண்டாம்னு வெச்சுட்டாரு."

"ஒட்டுக் கேட்க வாங்கியிருக்கான்!" என்றார் வெள்ளைத்துரை.

கற்பகவல்லி வண்டியில் ஏறினார். விடை தெரிந்துவிட்டது, தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் கூடத்தில் கமிட்டி கூடியது. செயலாளர் நாற்காலியில் மணிகண்டராஜ் இருந்தார். செல்லப்பாண்டி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் முதலாளியும் அவரே. காளிராஜ் ஒரு பக்கம், பாண்டிச்செல்வம் ஒரு பக்கம். அழகுமீனா தகப்பனை விட்டு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். செல்லப்பாண்டி காதுமூடியை மாட்டியிருந்தார்.

கற்பகவல்லி அவருக்கு எதிரே போய் நின்றுகொண்டு பேசினார்.

"காளிராஜ் சொன்னதை மட்டும் வெச்சு யாரும் இந்தப் பொண்ணைக் குத்தம் சொல்லலை. பெத்த அப்பாவே கேட்டேன்னு சொன்னதாலதான் நம்புனீங்க. ஆனா அண்ணாச்சிக்கு அது கேட்டிருக்க வழியில்லை. புதன்கிழமை அவர் கம்பெனியில வெடிச் சத்தம் சோதிச்சாங்க. வாசல்ல காதுமூடியோட பேட்டரியைக் கழட்டிக் குடுத்தவர், திரும்ப வாங்காமலே இங்கே வந்துட்டார். மறுநாள் காலையிலதான் வாங்கியிருக்கார். முத்துப்பேச்சி சாட்சி. பேட்டரி இல்லைன்னா அது காதை இறுக்கி அடைக்கிற வெறும் மூடி. அதுக்குள்ள எறும்பு ஊர்றது எப்படிக் கேட்டுச்சு?"

"அதெப்படி மேடம்?" என்று காளிராஜ் எழுந்தார். "பேட்டரி இல்லைன்னா ஆள் அப்பவே கழட்டியிருக்க மாட்டாகளா? பக்கத்துல நின்னு கத்தினா யாருக்கும் கேக்கும்."

"நியாயமான கேள்வி. மாட்டினதும் ஒண்ணும் கேட்கலைன்னா நீங்களும் நானும் கழட்டிருவோம். இவர் ஏன் கழட்டலை?" கற்பகவல்லி நிதானமாகத் தொடர்ந்தார். "கடையில இன்னொண்ணு தெரிஞ்சுது. சுடுறவங்க சத்தத்தை அடக்குறதைப் பார்த்து வாங்குவாங்க. அண்ணாச்சி சுடாதவர். அவர் பேச்சைக் கூட்டிக் குடுக்குறதைப் பார்த்து வாங்கியிருக்கார், அதுவும் மகளை வெளியே அனுப்பிட்டு. அது ஏன்னு எனக்குத் தோணுறது ஒண்ணு இருக்கு. அதை நான் சொல்றதைவிட அவர் சொல்றதுதான் முறை."

வேப்பமரத்தடி ஞாபகம் வந்து வெள்ளைத்துரையின் முகம் மாறியிருந்தது. கற்பகவல்லிக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. செல்லப்பாண்டி மறுத்துவிட்டால், வாய் திறக்காமலே இருந்துவிட்டால், அந்தப் பெண்ணின் ரெண்டு வருசம் போனதுதான்.

செல்லப்பாண்டி முதலாளியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து காதுமூடியைக் கழற்றினார்.

"எனக்குக் காது கேக்காது" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "சோதனைத் திடல்ல நின்னு நின்னு போயிருச்சு. இதை மாட்டினா கொஞ்சம் கேக்கும். மாட்டாட்டியும் அடைச்சாலும் எனக்கு ஒண்ணுதான். அதான் அன்னைக்குக் கழட்டலை."

"எம்புட்டு நாளாய்யா?" என்று கேட்டார் மணிகண்டராஜ். செல்லப்பாண்டி அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"சில வருசமாச்சு முதலாளி."

"கம்பெனிக்குள்ள அந்த மூடியைக்கூட பேட்டரியோட போட முடியாதே. ஷெட்டுல ஒரு பொம்பளை 'ஓடுங்க'ன்னு கத்தினா?"

"கேக்காது."

மணிகண்டராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். செல்லப்பாண்டி நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்தவர் போலப் பேசினார்.

"அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால காளிராஜ், 'அண்ணாச்சிக்கும் கேட்டிருக்குமே'ன்னாரு. கேக்கலைன்னா ஏன் கேக்கலைம்பீக. வேலை போயிரும். கேட்டுச்சுன்னேன். பிள்ளையக் கண்டிச்சு விட்டுருவாகன்னு நெனச்சேன், தடை வரும்னு நெனைக்கலை. தடைன்னு தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்கலை. அது என் தப்புதான். இன்னும் ஒண்ணு சொல்லணும். காது போனதுல இருந்து நான் எல்லார் வாயையும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். அன்னைக்குக் காளிராஜ் வாயையும் பார்த்தேன். போனைக் காதுல வெச்சு எவரு பேசுறதையோ கேட்டுக்கிட்டே கையை ஆட்டுனாரு. வாய் திறக்கவே இல்லை."

எல்லாரும் காளிராஜைப் பார்த்தார்கள். அவர் மறுக்க முயன்றார். "போனைக் குடுங்க, புதன்கிழமை அந்நேரம் யார் பேசினாங்கன்னு பார்ப்போம்" என்று கற்பகவல்லி கையை நீட்டியதும் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பிள்ளை குண்டு மாத்துதுன்னு நெனச்சுட்டேன் சார். ஒரு நிமிசந்தான்" என்றார். பாண்டிச்செல்வம் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

தடை கைவிடப்பட்டது. காளிராஜை அன்றே நீக்கினார்கள். செல்லப்பாண்டியிடம் மணிகண்டராஜ், நாளைக்கு வந்து கணக்கு முடித்துக்கொள்ளும்படி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வேறு எப்படிச் சொல்லவும் அவருக்கு வழி இல்லை.

வாசலில் அழகுமீனா ஸ்கூட்டரைக் கிளப்பி நிறுத்தியிருந்தாள். செல்லப்பாண்டி கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"எம்மேல கோவமா, ஆத்தா?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"கோவந்தான். இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கும். இப்ப வண்டில ஏறுங்க. ஞாயித்துக்கிழமை காது டாக்டர் மதியம் வரைக்குந்தான் இருப்பாரு."

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.