யார் வந்திருக்க வேண்டும்

வியாழக்கிழமை காலைகளில் எமல்டா தூத்துக்குடி நிலாத் தொடர்பகத்தில் வரிசையில் நிற்பாள். அவள் கணவன் கஸ்பார் நிலாச் சுரங்கத்துக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவனுக்குச் செய்தி அனுப்ப, கூண்டுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் பேச வேண்டும். தமிழ் அனுப்ப முடியாது. இங்கிலீஷிலும் எழுவாய் இல்லாவிட்டால் வாக்கியச் சல்லடை என்ற எந்திரம் திருப்பிவிடும். சொல்லும் விதம் இயல்பாக இல்லாவிட்டாலும் திருப்பிவிடும்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. “வால்வை மூடியாச்சு” என்று யாரோ சொன்னதை நம்பி, யார் மூடினார்கள் என்று கேட்காமல், பதினோரு பேர் சுரங்கத்துக்குள் இறங்கிச் செத்தார்கள்.

எமல்டா கற்றுக்கொண்டாள். பத்து மாதத்துக்கு முன் ஆறு வயது மகள் ஜெனி காய்ச்சலில் இறந்தபோதுகூட, சல்லடை இரண்டு முறை திருப்பிய பிறகு, “அவர் டாட்டர் டைட் திஸ் மார்னிங்” என்று சரியாகச் சொன்னாள். அந்த வாரம் நிலாவிலிருந்து திரும்பிய கலத்தில் இடம் இருந்தும் கஸ்பார் வரவில்லை. அதற்கும் ஒரு வருடம் முன்னால், “நீயும் பிள்ளையும் இங்க வந்துருங்க, நல்ல ஆஸ்பத்திரி இருக்கு” என்று அவன் இங்கிலீஷில் கூப்பிட்டபோது இவள் போகவில்லை. இரண்டையும் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இந்த வியாழன், முகப்பு மேசையில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் எழுந்து வெளியே வந்தாள். எமல்டாவின் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

“யக்கா, செவ்வாக்கிழமை சுரங்கம் இடிஞ்சிட்டு. அண்ணன்... இல்லக்கா.”

எமல்டா அழவில்லை. “எதாவது சொன்னாவளா?” என்றாள்.

“ஒரே ஒரு வாக்கியம். எழுவாய் இல்லாம வந்ததால சல்லடையில நிக்கி. ‘ஷுட் ஹேவ் கம்.’ அந்த எழுவாய நெருங்கின சொந்தம் நிரப்பினாத்தான் கேக்க முடியும். இன்னைக்குத்தான் கடைசி நாள், இல்லன்னா அழிஞ்சிரும்.”

“வந்திருக்கணும்,” என்று எமல்டா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். யார்? நான் வந்திருக்கணுமா? அவுக வந்திருக்கணுமா?

“அவுக என்னைத்தான் சொல்லியிருப்பாவ பேச்சி. நான் போயிருந்தா பிள்ளை பொழச்சிருக்கும்லா.”

“அப்படி நினைக்காதிய. சாவப்போற மனுசன் உங்களத் திட்டவா செய்வாவ?”

திரையில் ‘ஐ’, ‘யூ’ என்று இரண்டு கட்டங்கள்; ‘ஐ’ என்றால் அவன், ‘யூ’ என்றால் இவள். விரல் ‘யூ’வின் மேல் வெகுநேரம் நின்றது. பிறகு, ஒருமுறையாவது அவன் தன்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று, ‘ஐ’யைத் தொட்டாள்.

ஒலி வந்தது. “ஐ ஷுட் ஹேவ் கம்.”

அவன் குரல்தான். கடைசி மூன்று சொற்களும் தூசியில் மூச்சுத் திணறி, ஒவ்வொன்றாக இழுத்து வந்தன. எந்திரம் அவன் குரலில் செய்து ஒட்டிய முதல் சொல் மட்டும், சுகமாக இருக்கும் மனிதன் பேசுவதுபோல் தெளிவாக இருந்தது.

“இந்த மொதச் சொல்ல எடுத்திரு பேச்சி. அவுக சொன்ன மாதிரியே குடு. அது போதும்.”

பேச்சியம்மாள் தலைகுனிந்தாள். “முழு வாக்கியம் ஆயிட்டுன்னா துண்ட வச்சிக்கிடக் கூடாதுக்கா. பழசு அழிஞ்சிட்டு.”

எமல்டா மறுபடியும் போடச் சொன்னாள். அந்த முதல் சொல் வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள்.