அரக்கில் ஒரு முடி

செல்போன் அலறியபோது தீபா தன் கணவனின் புகைப்படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஆண்டு நினைவு நாள்.

திரையில் ஹைதராபாத் எண். மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இஃபாத். இதே காரைக்கால் பெண்.

"அக்கா... தனியா இருக்கீங்களா?"

"அம்மா அடுப்படியில படையலுக்கு வடை சுட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்லு."

"திருநள்ளாறு தாயத்து ரிசல்ட் வந்துடுச்சுக்கா."

தீபா கரடிகளை எண்ணுகிறவள். மீனவர் தெருவில் பிறந்து, கடலைப் பார்த்து வளர்ந்து, கல்வராயன் மலைக்குப் போய்க் கரடி ஆராய்ச்சியாளர் ஆனவள். கரடியைப் பிடிக்கக் கூடாது, மயக்க ஊசி போடக் கூடாது, தொடவே கூடாது என்பது அவளுடைய ஆராய்ச்சியின் விதி. மரங்களைச் சுற்றி முள்கம்பி கட்டி, நடுவில் தேன் வாசம் வைப்பாள். கரடி குனிந்து நுழையும். முள்ளில் நாலு முடி வேரோடு மாட்டும். கரடி தன் வழியே போய்விடும். எந்தக் கரடி வந்தது என்பதை அந்த வேர் சொல்லிவிடும்.

திருநள்ளாற்றில் யாத்ரீகர்களுக்கு விற்கும் கரடிமுடித் தாயத்துகள் அசலா போலியா என்று பார்ப்பதற்காகப் போன மாதம் ஒரு பை நிறைய வாங்கி அனுப்பியிருந்தாள்.

"எல்லாம் ஆட்டு முடி, குதிரை வாலு. ஒண்ணு ஷூ பிரஷ்ஷு. அதுல ஒண்ணே ஒண்ணுதான்க்கா அசல்."

"யாரு?"

"மாமியாரோட பிள்ளை."

மாமியார் என்பது ஒரு பெண் கரடி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் என்பதால் தீபாவின் கணவன் கவியரசன் வைத்த பெயர். அந்தக் கவியரசனையே அது கிழித்துக் கொன்றுவிட்டது என்று ஊரார் திரண்டு அதை அடித்துக் கொன்றார்கள். ஒரு குட்டி மட்டும் தப்பி ஓடியது.

"அந்தக் குட்டியையும் கொன்னுட்டாங்களா?" தீபாவின் குரல் இறங்கியது.

"தெரியலக்கா. நான் போன் பண்ணது அதுக்கில்ல." இஃபாத் மூச்சை இழுத்துவிட்டாள். "தாயத்தோட வாயை அரக்கு உருக்கி அடைச்சிருந்தாங்கல்ல... அந்த அரக்குல ஒரு முடி ஒட்டியிருந்துச்சு. மனுஷனோட தாடி முடி. சூட்டோட ஒட்டி வேரோட வந்திருக்கு."

"செஞ்சவன் முடியா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வழக்கம்போல நம்ம ஆளுங்களோடதும் ஒப்பிட்டுப் பார்த்தேன்..."

ஆய்வகத்தின் பழைய ஏற்பாடு அது. களத்தில் வேலை செய்பவர்களின் எச்சிலை முன்கூட்டியே குப்பியில் வாங்கி வைத்திருப்பார்கள். கரடி முடியோடு ஆராய்ச்சியாளரின் முடி கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக.

"ஒத்துப்போச்சா?"

இஃபாத் குரலைத் தாழ்த்தினாள். "ஒத்துப்போச்சுக்கா."

"இஃபாத்... யாரோட?"

"கவியரசன் சாரோட."

தீபாவின் கையில் மீதி மாலை இருந்தது.

"பழைய தாயத்தா இருக்கும்."

"உள்ள சுருட்டி வெச்சிருந்த தாளு இந்த வருஷக் காலண்டர்க்கா. 2008, ஜனவரி."

* * *

"யாருடி போன்ல?" அஞ்சுகம் கரண்டியோடு வந்தாள்.

"அவரு உயிரோட இருக்காரு போலம்மா."

அஞ்சுகம் மகளைப் பார்த்தாள். பிறகு புகைப்படத்தைப் பார்த்தாள்.

"படையல் போடுற அன்னைக்குச் சொல்ற பேச்சா இது?"

"ஆதாரம் இருக்கு."

"உயிரோட இருக்கறவன் மூணு வருஷமா ஏன் வரல? கடலுக்குப் போனவன் வரலைன்னா அழலாம். கரையில ஒளிஞ்சிருக்கறவனுக்கு யாரு அழுவா?"

அதைவிடக் கொடிய கேள்வி ஒன்று அவளுக்குள் எழுந்திருந்தது.

கவியரசன் உயிரோடு இருந்தால், அன்று காட்டில் கிடந்த உடல் யாருடையது?

முகம் சிதைந்திருந்த அந்த உடலைக் கைக்கடிகாரத்தை வைத்து அடையாளம் சொன்னவள் அவள்தான். அதே நாளில் இன்னொருவனும் காணாமல் போனான். வழிகாட்டியாக வேலை பார்த்த மலைவாசி சடையன். 'என் கணவரைச் சாகவிட்டு ஓடிவிட்டான், அவன் மேல் சந்தேகம் இருக்கிறது' என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

கிடந்தது சடையன் என்றால், கடிகாரத்தை அவன் கையில் கட்டிவிட்டவன்...

கொலைகாரன்.

இருக்கட்டும் என்றது மனம். கொலைகாரனாகவே இருக்கட்டும். உயிரோடு இருந்தால் போதும்.

தன் மனம் இப்படியும் பேசும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

* * *

இன்ஸ்பெக்டர் ஜெய்னுலாபுதீன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப உங்க வீட்டுக்காரரு மவுத்தாகல. தாயத்து வித்துக்கிட்டு இருக்காரு. அப்படித்தானேங்க?"

"அப்படித்தான் சார் தெரியுது."

"எத்தனையோ பேரு புருஷனைக் காணோம்னு வந்திருக்காங்க. செத்த புருஷன் ஆப்ட்டுட்டாருன்னு வந்தது நீங்கதான் மொத ஆளு." சிரிக்காமல் சொன்னார். "ஆப்ட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"அவரைப் பார்க்கணும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க இருக்கீங்களே சார்."

அவர் எழுந்து, சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிளை ஜீப் எடுக்கச் சொன்னார்.

சனிக்கிழமை. திருநள்ளாற்றுத் தெருக்களில் நளதீர்த்தத்தில் முழுகி எழுந்த ஈரக்கூட்டம் நிரம்பி வழிந்தது. தாயத்துக் கடை கோவிந்தராசு போலீசைப் பார்த்ததும் தட்டை முந்தானையால் மூடினார். முந்தானை பக்கத்துக் கடைக்காரியுடையது.

"எவன்யா உனக்கு அசல் கரடி முடி குடுக்கறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அசலா?" கோவிந்தராசு உண்மையாகவே அதிர்ந்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. எல்லாம் டூப்பு முடின்னு நம்பித்தான் விக்கிறேன்."

"நல்ல மனுஷன்யா நீ. யாரு குடுத்தது?"

"தாடிக்காரன் ஒருத்தன் செஞ்சு கொண்டாருவான்ங்க. வாயே தெறக்க மாட்டான். கூட்டத்துல யாராச்சும் திரும்பிப் பார்த்தா முகத்தை மூடிக்குவான். சுரக்குடி வாய்க்கா ஓரத்துல குடிசை."

முகத்தை மூடிக்கொள்கிறான்...

தீபா ஜீப்பில் ஏறினாள். தலையைக் கோதிச் சரிசெய்துகொண்டாள். செய்த பிறகுதான் எதற்காகச் செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

* * *

சுரக்குடியில் அறுவடை முடிந்திருந்தது. வாய்க்கால் கரைக் குடிசையிலிருந்து அரக்கு உருகும் வாசம் வந்தது.

"நீங்க பின்னாலயே நில்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் நிற்கவில்லை.

உள்ளே ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முன்னால் மண்ணெண்ணெய் விளக்கு. அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டி, தாடி தீயில் படுமளவுக்குக் குனிந்து, செப்புக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான முதுகு. காட்டில் மெலிந்திருப்பார் என்று தீபா நினைத்தாள்.

"கவி..."

அவன் திரும்பினான்.

சடையன்.

தீபா வாசல் கழியைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஒரு போன் அவளுக்குக் கணவனைத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஒரு முகம் அவனை மறுபடியும் எடுத்துக்கொண்டது. முதல் சாவுக்கு உடல் இருந்தது, மாலை இருந்தது, அழுவதற்குச் சனம் இருந்தது. இந்தச் சாவுக்கு எதுவுமில்லை.

"அம்மா..." சடையன் எழக்கூட இல்லை. கைகூப்பினான்.

"அவரு எங்க?"

"யாரும்மா?"

"என் வீட்டுக்காரரு எங்கடா? அரக்குல அவரு முடி இருந்துச்சு."

"என் தாடிதாம்மா அது. சூட்டுல பிடிச்சு இழுத்துடும்." அவன் குழம்பினான். "சாரு போய்ச் சேர்ந்துட்டாரேம்மா. நீங்கதானே கொள்ளி வெச்சீங்க?"

"பொய். குப்பியில இருந்த எச்சிலோட ஒத்துப்போச்சு. அவரு எச்சில்."

சடையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது என் எச்சில்தாம்மா. குப்பி குடுத்த அன்னைக்குச் சாரு வாய் நிறைய வெத்தல போட்டிருந்தாரு. செவப்பாத் துப்புனா அம்மா திட்டுவாங்க, நீ துப்புடான்னாரு. துப்பிட்டேன். மனுச எச்சில் எல்லாம் ஒண்ணுதானேன்னு சிரிச்சாரு."

"உன் பேர்ல இருக்கற குப்பி?"

"எனக்குக் குப்பியே குடுக்கலியேம்மா. நான் தினக்கூலிதானே."

எட்டு வருடங்களாக ஒவ்வொரு முள்ளிலிருந்தும் முடியை எடுத்தவன் அவன். அவன் முடி கலந்திருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தீபாவுக்கும் தோன்றவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தலையில் வைக்கோல் கட்டோடு ஒரு பெண். சடையனின் மனைவி பூவாயி.

"வாங்க டாக்டரம்மா. எழுதிக் குடுத்தது பத்தலன்னு பிடிச்சுக் குடுக்க வந்தீங்களா?" கட்டைத் தரையில் போட்டாள். "பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஓடி ஓடி அலுத்துப்போச்சு."

"ஓடுனது எதுக்கும்மா?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "கொன்னுட்டா ஓடுனான்?"

"கொன்னவன் எஸ்டேட்டுல சொகமா இருக்கான். பார்த்தவன்தான்யா ஓடுனான்."

சடையன் சொன்னான். விட்டு விட்டு, விளக்கைப் பார்த்தபடியே சொன்னான்.

மழை தூறிய காலை. மலைச்சரிவில் ஒரு தனியார் தோட்டம். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் விட்ட முள்வேலி.

"வேலியில ஒரு கொத்து முடி இருந்துச்சும்மா. கரடி முடி. சாருக்குத்தான் கம்பியில முடியைப் பார்த்தா கை நிக்காதே. 'மாமியார் வந்துட்டுப் போயிருக்குடா'ன்னு சொல்லிக்கிட்டே எடுக்கப் போனாரு... நம்ம கம்பின்னு நெனச்சுட்டாரு."

சடையன் விளக்கின் திரியைக் குறைத்தான்.

"தோட்டத்து ஆளுங்க சாரைத் தூக்கிக் காட்டுக்குள்ள போட்டாங்க. களைக்கொத்தால, கரடி கீறுன மாதிரி... வேணாம்மா, அது வேணாம். என்னைக் கட்டி வெச்சிருந்தாங்க. ரெண்டாம் நாளு ஒரு தாளைக் காட்டி, சாரு பொஞ்சாதியே நீதான் கொன்னேன்னு எழுதிக் குடுத்திருக்கா, வாயைத் தெறந்தா தூக்குதான், ஓடிப்போயிடுன்னு அவுத்து விட்டாங்க. அன்னைக்கே ஊருக்காரங்க மாமியாரையும் அடிச்சுக் கொன்னுட்டாங்க."

தீபா தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊருக்கு ஏன் வந்த?"

"இது வேற சர்க்காரு, அந்தப் போலீசு இங்க வராதுன்னு சொன்னாங்க. அதுவுமில்லாம..." தயங்கினான். "நீங்க காரைக்கா காரைக்கான்னு சொல்லுவீங்க. எனக்கு வேற ஊரு பேரு தெரியாதும்மா. உங்க தெரு வரைக்கும் மூணு நாலு தடவை வந்தேன். படத்துக்கு மாலை தொங்கறது வாசல்லேருந்தே தெரிஞ்சுச்சு. திரும்பிட்டேன்."

"கரடி முடி ஏதுடா?" என்றார் இன்ஸ்பெக்டர். "சுட்டியா?"

"ஐயோ, இல்லய்யா." அவன் முகத்தில் முதன்முறையாகக் கோபம் வந்தது. "அம்மா கட்டுன கம்பி இன்னும் காட்டுலதான் இருக்கு. மறைஞ்சு மறைஞ்சு போயி அதுல மாட்டுனதைத்தான் பொறுக்கிக்கிட்டு வர்றேன். குட்டி நல்லா இருக்கும்மா. அது அம்மா மாதிரியே சொல்லாமத்தான் வருது."

தீபா அழுதாள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை. பூவாயி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

* * *

பிற்பகல். காவல் நிலையத்தில் சடையனின் வாக்குமூலம் பதிவானது. தீபா தன் பழைய புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு வெளியே வந்து இஃபாத்தை அழைத்தாள்.

"அந்தக் குப்பியில பேரை மாத்து. சடையன்னு எழுது."

"அக்கா... அப்ப சாரோட குப்பி?"

"சாரோடது எதுவும் நம்மகிட்ட இல்லை, இஃபாத்."

உள்ளே இன்ஸ்பெக்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தோட்டத்து முதலாளி பேருல கேஸ் அந்தப் பக்கத்துப் போலீசுக்குப் போகுது. நானே நேர்ல போறேன். விட மாட்டேன். முடி வித்ததுக்கு இவன் மேலயும் சின்னதா ஒண்ணு வரும், அதை நான் பார்த்துக்கறேன்." பேனாவை மூடினார். "ஒண்ணுதான்மா புரியல. மூணு வருஷமா கொலைகாரப் பட்டம் கரடி மேல இருக்கு. செத்துப்போன கரடிக்கு எப்படி விடுதலை குடுக்கறது?"

தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மனுஷனுக்குக் குடுக்கற மாதிரியே குடுங்க சார்... செத்தப்புறம்."