வெளியே போட்ட தாழ்ப்பாள்

தங்கை பையும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது மணி மூன்றரை. வாசல் கதவு வழக்கம்போல வெறுமனே சாத்தியிருந்தது. இருபது வருஷமாக அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. ஆண்டவர் எந்த நேரமும் வரலாம், அவருக்குக் கதவடைக்கக் கூடாது என்பது அத்தானுடைய சபையின் கட்டுப்பாடு. அவருக்கு முன்னால் திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று தங்கை ஒருமுறை கேட்டுவிட்டு, மூன்று மாதம் அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாள்.

அத்தான் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். ஊரார் நேரத்தையெல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டு, வீட்டில் எதற்குக் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பார். கடைசி எக்காளம் ஊதினாலும் அதைத்தான் சொல்வார் என்று தங்கை கிண்டலடித்ததுண்டு. அவரைப் புதைத்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அக்கா கூடத்தில் வெள்ளைப் புடவையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உபவாசமாம். கன்னம் ஒட்டிப்போய் ஆளே பாதியாகியிருந்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை. எதிரே இருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் அத்தானின் சட்டை, பேன்ட், மேலே மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம். பக்கத்தில் ஒரு கோப்பை டீ, ஆவி பறந்தது.

தங்கை பையைக் கீழே போட்டாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், பிணத்தைப் பார்த்துப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் அந்த நீலக் கோடு போட்ட சட்டையைச் சவப்பெட்டியில் படுத்திருந்த அத்தானுக்குப் போட்டுவிட்டவளே அவள்தான்.

"யாருக்கா இதை இங்க வெச்சது?"

"தினமும் நாலு மணிக்கு முன்னாடி வந்துடும்" என்றாள் அக்கா. "அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அக்காவும் தங்கையும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அத்தானுடைய சபைக்குப் போனாள். அங்கே ஆண்டவரின் வருகை இரகசியமானது. கண்மூடித் திறப்பதற்குள் விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், உடுத்திய துணி மட்டும் கிடக்கும், மிச்சப்பட்டவர்களுக்கு ஏழு வருஷம் உபத்திரவம். தங்கையின் கோயிலிலோ வருகை ஒன்றே ஒன்று, எல்லோர் கண்ணும் காணும், அதுவரை செத்தவர்கள் உறங்குவார்கள். இதற்காக அக்கா தங்கைக்குள் எத்தனை மல்லுக்கட்டு.

அன்றைக்கு நடந்ததை அக்கா இப்போதுதான் சொன்னாள். கடைக்குப் போய்த் திரும்பியவள், நாற்காலியில் துணியையும் ஆறாத டீயையும் பார்த்தாள். அவரை எடுத்துக்கொண்டார்கள், நான் விடுபட்டுப்போனேன் என்று அப்படியே முழங்காலில் விழுந்தாள். அவரை எங்கேயும் தேடவில்லை. தேட என்ன இருக்கிறது? அப்போது பின்கட்டுக் குளியலறையில் யாரோ தட்டினார்கள், அவர் குரலில் கூப்பிட்டார்கள்.

எடுக்கப்பட்டவர்களின் குரலில் பிசாசு கூப்பிடும், திறக்காதே என்று சபையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"நான் போய் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்டி."

பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலையில்தான் திறந்து பார்த்தார். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது, அதிர்ச்சியில் இதயம் நின்றது என்றார் டாக்டர். விழுந்த பிறகும் மூன்று நான்கு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்பதைத் தங்கையிடம் மட்டும் சொன்னார். குளிப்பாட்டும்போது அவருடைய விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்ததை அவளும் பார்த்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நாலு மணி ஆயிற்று.

டக். டக். டக்.

சோப்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கார்" என்று அக்கா எழுந்தாள். "சபை மூப்பர் பிசாசுங்கறார், பூட்டு வாங்கிப் போடச் சொன்னார். போட்டேன். இன்னைக்குத் திறந்து உள்ள போயிடப் போறேன். நீ வெளியில தாழ்ப்பாளைப் போட்டுடு."

சாவி அவள் கையில் இருந்தது. சாவதற்குத்தான் இத்தனை நாள் பட்டினி கிடந்து தயாரானாளா? தங்கைக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அத்தான் மேல் இல்லை. பெண்டாட்டி கையாலேயே தாழ்ப்பாளைப் போட வைத்த அந்தப் போதனையின் மேல். சாவியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"செத்தவங்க தூங்குறாங்கன்னு எங்க கோயில்ல சொல்றாங்க. பிசாசுன்னு உங்க சபையில சொல்றாங்க. ரெண்டும் கிடக்கட்டும். தட்டுறவங்களுக்குத் திறக்கணும். நான் திறக்கிறேன்."

தட்டல் வேகமாயிற்று.

பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளை இழுத்து, கதவை விரியத் தள்ளினாள்.

யாருமில்லை.

தரை காய்ந்து கிடந்தது. சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த துணி மாட்டும் ஆணி மூலையில் விழுந்திருந்தது. அது சுவரில் இருந்திருந்தால் அவர் துணியை நாற்காலியில் போட்டிருக்கவே மாட்டார். கதவின் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பழுப்பாகக் காய்ந்த விரல் முட்டித் தடங்கள்.

அக்கா அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். இருபத்து மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது. பிசாசு இல்லை, என் புருஷன்தான் கூப்பிட்டார் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே தங்கை அந்தக் கதவைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்தாள். தகவல் தெரிந்து வந்த மூப்பரை, ஜெபம் பண்ணுவதானால் தெருவில் நின்று பண்ணுங்கள் என்று அனுப்பிவைத்தாள். அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

மறுநாள் நாலு மணிக்கு நாற்காலியில் மறுபடியும் துணி இருந்தது. கதவே இல்லாத இடத்திலிருந்து தட்டல் கேட்டது.

தங்கை எழுந்தாள். அக்கா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"இது எனக்கு வந்த அழைப்பு."

பின்கட்டுக்குப் போய் வெற்றுக் கதவு நிலைக்கு முன்னால் நின்றாள்.

"கேக்குதுங்க. வந்துட்டேன். இனிமே யார் சொன்னாலும் நான் வெளியில தாழ்ப்பாள் போடமாட்டேன்."

தட்டல் நின்றது.

பிறகு மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். ஒரு மக், இரண்டு மக், நிதானமாக. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சத்தம் அடங்கியதும் அக்கா திரும்பி வந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே கூடத்துத் தரையில் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு வந்தன. நாற்காலி வரை வந்து நின்றன. துணியைக் காணோம். கண்ணாடியைக் காணோம். காலிக் கோப்பை மட்டும் இருந்தது.

அக்கா நேரே வாசலுக்குப் போய், இருபது வருஷத் துருவேறிய தாழ்ப்பாளை உள்பக்கமாகத் தள்ளிப் போட்டாள்.

"என்னை விட்டுட்டு இவரை மட்டும் கூட்டிட்டுப் போறவர் எனக்கு வேண்டாம்" என்றாள். "ஆண்டவரே வந்தாலும் தட்டட்டும். நான் இருக்கேன். திறப்பேன். ஆனா இந்த வீட்டு ஆளுங்க எல்லாரும் சேர்ந்துதான் கிளம்புவோம்."

பின்னால் நாற்காலி மெல்ல முனகியது.

"ஒரு நிமிஷம்."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரமானாலும் சரிங்க" என்றாள்.