கூழ்ப்பானை மேல் விழுந்த பழி

காலை 6.50.

முகத்துவாரக்குப்பத்து ஆற்றங்கரையில் தாமோதரன் மல்லாந்து கிடந்தான். வயது நாற்பத்தொன்று. கடைவாயில் நுரை. திறந்திருந்த கண்களில் கருமணிகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. இடுப்பில் ஈரக் கால்சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிறு, நகக்கண்களில் ஆற்றுச் சேறு. உடலிலும் உடலைச் சுற்றியும் வேறொன்றும் இல்லை.

அன்று விடிகாலையில் ஆற்றில் இறங்கியவர்கள் நான்கு பேர். தாமோதரன் பிணமானான். ஜெயவேலும் அர்ஜுனும் வாந்தியெடுத்துத் துடிதுடித்து ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். நான்காமவரான கிழவர் அப்பாவு, ஒரு கேடும் இல்லாமல் கரையில் குந்தியிருந்தார்.

ஏழு மணிக்குள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. ஆற்றில் இறங்குகிறவர்களுக்குக் கரையில் கேழ்வரகுக் கூழ் விற்கும் மங்கம்மாவின் பானை உடைந்தது. தாமோதரனின் மனைவி நர்மதா மண்ணை வாரி மங்கம்மாவின் தலையில் தூற்றினாள். ஏழரைக்கு மங்கம்மாவைக் காவல்துறை வண்டியில் ஏற்றினார்கள்.

காலை 8.40.

மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர் ரமாபாய் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து இறங்கினாள். வயது ஐம்பத்திரண்டு. இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்தக் கரையோரத்தின் இருமலையும் கொப்புளத்தையும் எண்ணி எண்ணி எழுதியவள். காற்றிலே ஆலைச் சாம்பல், ஆற்றிலே ஆலை வெந்நீர், குழந்தையின் நெஞ்சிலே இழுப்பு. கோப்பிலே மட்டும் எல்லாம் சுத்தம்! அந்தக் கோப்புகளுக்கு அவள் எழுதிய அறிக்கைகளை யார் படித்தார்கள் என்று கேட்பதை அவள் விட்டு வெகுநாளாயிற்று. இப்போது அவளுக்கே இழுப்பு இருந்தது. பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினாள்.

இன்ஸ்பெக்டர் பகலவன் அவளுடைய வியாசர்பாடிக் குடியிருப்பில் அடுத்த மாடியில் வளர்ந்தவர்.

“அக்கா, ஒரு கையெழுத்து போடு. உணவு நஞ்சு. டாக்டரே சொல்லிட்டாங்க, பூச்சிமருந்துன்னு. மங்கம்மா வூட்ல மூட்டைப்பூச்சி மருந்து பாட்டில் சிக்கிச்சி. கடை போடற எடத்துக்குப் போன வாரம் தாமோதரனோட சண்டை வேற.”

“மூட்டைப்பூச்சி மருந்து என் வூட்லயும் கீது. என்னையும் ஏத்திகினு போறியா?”

“காலங்காத்தால கலாய்க்காதக்கா.”

“கூழ் எங்க? சோதனைக்கு அனுப்பணும்.”

பகலவன் மண்ணைக் காட்டினார். பானை ஓடுகள் சிதறிக் கிடந்தன. கூழை நாய் நக்கிவிட்டுப் போயிருந்தது. நாய் நலமாக இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தவர் யார் என்றாள் ரமாபாய். இறால் வியாபாரி சுடலைராஜ் முன்னால் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் தராசு.

“நான்தான் மேடம். ஆறரைக்கு வந்தேன். மூணு பேரும் கரை மேல உருண்டுகினு இருந்தாங்கோ. அந்தக் கூழைக் குட்ச்சிட்டுத்தான் எறங்கனாங்கோ. நான்தான் ஆட்டோ பிட்ச்சி அனுப்பினேன்.”

“அவங்க பறி எங்க?”

நெஞ்சளவு நீரில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது இவர்களின் தொழில். கைகளுக்கு ஓய்வில்லை என்பதால், இறாலைப் போடும் பையைப் பல்லில் கவ்விக்கொண்டே நகர்வார்கள். அந்தப் பைதான் பறி. ஒரு நாள் உழைப்பு முழுவதும் அதற்குள்தான் துள்ளும்.

“ஆறு இஸ்துகினு பூட்சி மேடம். ஆளே சாவறான், பறியவா பார்ப்பாங்க?”

ரமாபாய் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

காலை 10.00. காவல் நிலையம்.

மங்கம்மாவின் தலைமுடியில் இன்னும் மண் இருந்தது. அவள் அழவில்லை.

“எத்தினி பேர் குட்ச்சாங்க?”

“இருவது இருவத்தஞ்சி பேர். பெருக்க வந்தவங்க, லாரிக்காரன், அப்பாவு மாமா ரெண்டு சொம்பு. நானும் குட்ச்சேன். விசம் வெச்சவ தானும் குடிப்பாளா? கேட்டா ‘சும்மா குந்து’ங்கறாங்க.”

“பானைய யாரு ஒடச்சது?”

“கும்பல் வர்றதுக்கு மின்னாடியே சுடலை எத்திட்டான். ஒரே ஒதை. என் மாமியாரு காலத்துப் பானை இல்ல, போன மாசம் வாங்கினதுதான். ஆனா பேரு போச்சே! இனிமே என் கையால எவன் வாங்கிக் குடிப்பான்?”

அவளுக்கு வேறு தொழில் கிடையாது. வேறு ஊரும் கிடையாது. சாயங்காலத்துக்குள் வழக்குப் பதிந்து நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

முற்பகல் 11.30. மருத்துவமனை.

ஜெயவேலுக்கு மூச்சுக்கருவி பொருத்தியிருந்தார்கள். அர்ஜுனுக்கு நினைவு திரும்பியிருந்தது. ரமாபாய் நாற்காலியில் அமர்ந்து முதலில் தன் மூச்சைச் சமன்படுத்திக்கொண்டாள்.

“கூழ் எப்போ குட்ச்சே தம்பி?”

“கூழா? அந்தம்மா கூழைத் தொட்டு ஒரு மாசம் ஆவுது. பொண்ணு பார்க்கப் போன மூணு வூட்லயும் என்னைத் திருப்பி அனுப்ச்சத அதான் குப்பமே கேக்க சொல்லிச் சிரிச்சிது. நான் டீயும் பன்னும்தான்.”

“இதை போலீஸ்கிட்ட சொன்னியா?”

“எவனும் கேக்கலியே.”

“பறிய இன்னா பண்ணே?”

“எச்சி ஊறிகினே இருந்திச்சி, கண்ணு இருட்டிச்சி. கரைக்கு வந்து பறியக் கீழ போட்டேன். நல்லா இறாலு, பாதிப் பை. அப்பால ஒண்ணும் தெரியல.”

ரமாபாய் வராந்தாவுக்கு வந்து பகலவனைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“கூழ் இல்ல. குடிக்காதவனும் வுழுந்துட்டான்.”

“அப்போ ஆலைத் தண்ணிதான்க்கா. இல்லாட்டி காத்து.”

“அதே தண்ணில அப்பாவும்தான் எறங்கினாரு. அதே காத்தைத்தான் இழுத்தாரு. கூழும் ரெண்டு சொம்பு. அவரு எப்படி நல்லா கீறாரு?”

ரமாபாய் இணைப்பைத் துண்டித்தாள்.

நஞ்சுக்குக் கால் கிடையாது. யாராவது சுமந்து வரவேண்டும். உடலுக்குள் நுழைய அதற்கு மூன்றே வாசல்: மூக்கு, வாய், தோல். எந்த வாசல் யாருக்குத் திறந்தது, யாருக்குச் சாத்தியிருந்தது என்று பார்ப்பதுதான் அவள் படித்த படிப்பு. மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து நான்கு பெயர்களையும் எழுதி, எதிரே கட்டம் போட்டாள். காற்று, நீர், கூழ். எதுவும் அப்பாவுவைப் பிரித்துக் காட்டவில்லை. முழங்கால் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. எழுந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பிற்பகல் 2.00. அப்பாவு வீட்டு வாசல்.

அப்பாவு தேநீரில் பொறை ரொட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

“குந்து தாயி. பொறை வேணுமா? முறுக்கு கீது, ஆனா அது எனக்குக் கோவில் சாமி மாதிரி, பார்க்கத்தான். பல்லு போயி பத்து வருசம் ஆவுது.”

“ஒடம்பு எப்படி கீது நைனா?”

“எனக்கு இன்னா கேடு? இடுப்புலதான் அரிப்பு, நெருப்பா எரியுது. இந்த ஊர்ல அரிப்பு இல்லாதவன் யாரு, சொல்லு!”

சட்டையைத் தூக்கினார். இடப்பக்க இடுப்பில் உள்ளங்கையளவு சிவந்து தடித்திருந்தது. அங்கேதான் கயிறு கட்டி, ஒரு வெள்ளைச் சாக்குப் பறி தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் இடுப்புலயே வெச்சிகினு கீறீங்களே?”

“அவுத்து வெச்சா தூக்கினு பூடுவான். காலைலேர்ந்து மூணு வாட்டி வந்துட்டான் சுடலை, ‘பறியக் குடு, நல்லதா ஒண்ணு தரேன்’னு. ஓசில ஒரு பீடி தராத கஞ்சன், நேத்து சாய்ங்காலம் பன்னெண்டு பேருக்குப் புதுப் பறி இனாம் குடுத்தான். இன்னிக்கு மொத நாளு, அதுக்குள்ள திருப்பிக் கேக்கறான். தருவனா நானு?”

ரமாபாய் கையிலிருந்த தேநீரைத் தரையில் வைத்தாள். களைப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் கூர்மையாயின.

“நைனா, அதைத் தொடாத. கயிற நானே அறுக்கறேன். போயி சோப்பு போட்டு மூணு தடவை குளி. அந்தத் துணியைத் திரும்பக் கட்டாத. குளிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு.”

கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு பறியைக் கழற்றினாள். பகலவனை அழைத்தாள்.

“சுடலைராஜை இங்க இஸ்துகினு வா. மங்கம்மாவையும் கூட்டிகினு வா. இப்பவே.”

பிற்பகல் 2.35.

ஊரே கூடிவிட்டது. ரமாபாய் அப்பாவு வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடி பேசினாள். குரலை உயர்த்த அவளிடம் மூச்சில்லை. உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை.

“மூணு பேருக்கும் அப்பாவுக்கும் காத்து ஒண்ணு, தண்ணி ஒண்ணு. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். அவங்களுக்குப் பல்லு கீது. இவருக்கு இல்ல.”

யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள்.

“பல்லு இருக்கிறவன் பறிய வாயில கவ்வுவான். இல்லாதவரு இடுப்புல கட்டினாரு. அவங்களுக்கு வாய் வழியா போச்சி. இவருக்குத் தோலோட நின்னுச்சி.”

பறியின் வாய்ப்பக்கத்து மடிப்பை இடுக்கியால் பிரித்துக் காட்டினாள். உள்ளே மாவுபோல் வெள்ளைப் பொடி ஈரத்தில் பிசுபிசுத்தது. பையை உள்வெளியாகத் திருப்பித் தைத்திருந்தார்கள். உட்புறத்தில் சிவப்பு மையில் மண்டையோட்டுக் குறி பாதி தெரிந்தது.

“பூச்சிமருந்துச் சாக்கு. நாத்தம் வந்திருக்கும். ஆனா இந்த ஊர்ல மூக்கு சாட்சி சொல்லாது. எத்தினி நாத்தத்தைத்தான் அது கணக்கு வெச்சிக்கும்?”

“மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாது! ஏழைங்களுக்கு உதவியா குடுத்தேன். நல்லா கழுவிட்டுத்தான் குடுத்தேன்!” என்றான் சுடலைராஜ்.

“எதைக் கழுவினே?”

“சாக்கைத்தான்…”

“ஒண்ணும் தெரியாதவன் எதுக்குக் கழுவினே?”

சுடலைராஜ் தராசைக் கை மாற்றினான்.

“காலைல நீதான் சொன்னே, மூணு பேரும் கரை மேல உருண்டுகினு இருந்தாங்கன்னு. அர்ஜுனும் பறியக் கரைலதான் போட்டான். கரைல கெடந்த பறிய ஆறு எப்படி இழுக்கும்? நீதான் எடுத்தே. ஆட்டோவைக் கூப்பிடறதுக்கு மின்னாடி எடுத்தே. ஆளுங்க துடிக்கறப்போ மொதல்ல பறிய ஒளிச்சே. அப்பால பானைய எத்தினே, சோதிச்சா கூழு சுத்தம்னு தெரிஞ்சிடுமேன்னு.”

துறைமுகச் சாலையில் ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு உண்டு. அங்கே காலியாகும் சாக்குகளை முறைப்படி அழிப்பதற்கு எடுத்துச்செல்லும் ஒப்பந்தம் சுடலைராஜுடையது. பகலவன் நின்ற இடத்திலிருந்தே கைப்பேசியில் அதை உறுதி செய்தார். அழிக்கும் இடம் தொலைவு; ஏழையின் வாய் பக்கம். இறாலைத் தனக்கே விற்கவேண்டும் என்று அவர்களைக் கட்டிப்போடவும் ஆயிற்று, குப்பை தீரவும் ஆயிற்று. இரண்டும் ஒரே வண்டியில் ஏறின.

“சாவடிக்கணும்னு நெனைக்கல மேடம். ஆத்துல எறங்கினா எல்லாம் கரைஞ்சி பூடும்னு…”

“தெரியும். நீ அவங்களைப் பத்தி நெனைக்கவே இல்ல. பகலவா, சாக்கைக் குடுத்துட்டு எங்க போச்சின்னு கேக்காத கிடங்கையும் சேர்த்து எழுது.”

“எழுதறேன்க்கா.” பகலவன் மங்கம்மாவின் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். “நீ வூட்டுக்குப் போலாம்மா.”

மங்கம்மா நகரவில்லை. கூட்டம் வழிவிட்டது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரமாபாய் சுடலைராஜின் அருகே சென்றாள்.

“பன்னெண்டு குடுத்தே. மூணு உன்கிட்ட, ஒண்ணு என் கையில. மீதி எட்டு வூடுங்கள்ல கீது. காலைலேர்ந்து உனக்குத் தெரியும். அந்த எட்டைக் கேட்டா குட்டு ஒடைஞ்சிடும்னு வுட்டுட்டே. யார் யாரு?”

“கும்பல்ல குடுத்தேன். ஞாபகம் இல்ல.”

ரமாபாய் கண்ணை மூடினாள். முந்நூறு வீடுகள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை அந்தப் பையில் பொம்மை போட்டு விளையாடுகிறதோ! எந்தத் தாய் அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறாளோ! பத்து அடிக்கு ஒருமுறை நின்றால் இந்தக் குப்பத்தை நடந்து முடிக்க எத்தனை மணி நேரமாகும்?

“எனக்கு ஞாபகம் கீது,” என்றாள் மங்கம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“என் கடை எதிர்லதான குடுத்தான்! எட்டு பேரும் யாருன்னு தெரியும். நடங்க மேடம். மொதல்ல தாமோதரன் வூடு. புருசனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு வாங்கினாங்க.”

“நீ வரணும்னு இல்லம்மா. சொன்னா போதும்.”

“சொன்னா வூட்டைக் கண்டுபுடிப்பீங்களா? இங்க நம்பர் கெடையாது.”

பிற்பகல் 2.55.

நர்மதா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். தாமோதரன் இன்னும் பிணவறையில் இருந்தான். அவளுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய சட்டை, அதன் மேல் ஒரு வெள்ளைப் பறி. கீழே இரண்டு வயதுப் பெண் குழந்தை எம்பி எம்பி அதன் வாரைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

மங்கம்மா கேட்காமல் உள்ளே நுழைந்தாள். குழந்தையை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ரமாபாய் உறையிட்ட கையால் பறியை ஆணியிலிருந்து எடுத்தாள்.

நர்மதா நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தது. மங்கம்மாவின் தலைமுடியில் அவள் தூற்றிய மண் அப்படியே இருந்தது.

“மொதல்ல புள்ள கைய சோப்பு போட்டுக் கழுவு,” என்றாள் மங்கம்மா. “உன் கையையும் கழுவு. அந்தச் சட்டையத் தொடாத, அதுலயும் பட்டிருக்கும். சொல்றது இன்னா இருந்தாலும் அப்பால சொல்லு. இன்னும் ஏழு வூடு கீது எனக்கு.”