முதல் குரல் யாருடையது?

சிட்டுவுக்குப் பத்து வயது. அவள் அம்மா, ஊரின் சின்ன வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர். பள்ளி விட்டதும் சிட்டு நேராக அங்கேதான் போவாள்.

கீழே மருந்துக் கடை, மாடியில் நிலையம். படியேறியதும் ஒரு மேசை. அங்கே போன் அத்தை உட்கார்ந்திருப்பார். பாட்டு கேட்பவர்கள், விளம்பரம் கொடுப்பவர்கள் என்று எல்லோருடைய அழைப்பையும் அவர்தான் எடுப்பார். உள்ளே, கண்ணாடி அறையில் காலை மாமா. காலை நிகழ்ச்சி அவருடையது என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

நிலையத்துக்கு முப்பது வயது ஆகப்போகிறது. அதன் கதையைப் பத்து நிமிட நிகழ்ச்சியாகச் சொல்லும் வேலை சிட்டுவுக்குக் கிடைத்தது.

"எழுதிக்கோ," என்றார் காலை மாமா. "நாலு கடை விளம்பரம், இரவல் வாங்கின பாட்டுத் தட்டு, அவ்ளோதான் எங்ககிட்ட இருந்துச்சு. முதல் நாள் காலையில மைக்கைப் பிடிச்சேன் பாரு, கணீர்னு ஒரு வணக்கம்! இந்த நிலையத்தோட முதல் குரல் என்னோடது."

"அந்தப் பதிவு இருக்கா மாமா?"

"எங்க இருக்கு? அப்போ மொத்தமே ஆறு ஒலிநாடாதான். ஒண்ணை அழிச்சாத்தான் இன்னொண்ணைப் பதிய முடியும்."

சிட்டு விடவில்லை. மாலை நிகழ்ச்சியில் நேயர்களிடமே கேட்டாள். "முதல் நாள் நிகழ்ச்சியை யாராவது வீட்டுல பதிவு பண்ணி வச்சிருக்கீங்களா?"

இரண்டு நாள் கழித்து, செருப்புக் கடைக்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் ஒரு கேசட்.

"முதல் விளம்பரமே என் கடையோடதுதான்மா. சொன்ன மாதிரி வருதான்னு பாக்கப் பதிவு பண்ணேன்," என்றார்.

அம்மா கேசட்டை ஓடவிட்டாள். கரகரப்பு. பிறகு காலை மாமாவின் இளம் குரல்.

"வ... வண..."

அதோடு நின்றுவிட்டது. சிட்டு எண்ணினாள். பதினோரு விநாடி ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு பெண் குரல், தண்ணீர் ஊற்றியதுபோல் தெளிவாக வந்தது.

"வணக்கம். இது நம்ம ஊர் வானொலி. மழையில நனைஞ்சாலும் பிய்யாத செருப்பு வேணுமா? கடைத்தெரு முனைக்கு வாங்க!"

சிட்டுவின் கண்கள் விரிந்தன. "அம்மா! இது போன் அத்தை!"

"ஆமா," என்றாள் அம்மா மெதுவாக. "என்ன செய்யப்போற? உன் நிகழ்ச்சி. நீயே யோசி."

இதை ஒலிபரப்பினால் ஊரே பேசும். ஆனால் காலை மாமாவின் முகம் எப்படி ஆகும்? மறைத்துவிட்டால் அத்தைக்கு அது நியாயமா?

அவள் அத்தையிடம் போனாள். "நீங்கதான் முதல்ல பேசுனீங்கன்னு ஏன் சொல்லவே இல்ல அத்தை?"

அத்தை போன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "அன்னைக்கு அவருக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. பக்கத்துல நின்ன நான் தாளைப் பாத்துப் படிச்சேன். மறுநாள்லேருந்து அவர் ஒரு நாளும் தடுமாறல. பாவம், போகட்டும்."

"உங்களுக்குப் பேச ஆசை இல்லையா?"

அத்தை போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

சிட்டு கேசட்டோடு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மாமா, இதை நீங்கதான் முதல்ல கேக்கணும். நீங்க சொல்ற வரைக்கும் யாருக்கும் போட மாட்டேன்."

கேட்டு முடித்தபின் காலை மாமா கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல்ல வெக்கத்துலதான் மாத்திச் சொன்னேன்," என்றார் கடைசியில். "சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிடுச்சு. உனக்கு என்மேல கோவமா?"

"இல்ல மாமா. எனக்கும் மேடை ஏறினா கால் நடுங்கும். அதையும் சொன்னீங்கன்னா, என்னை மாதிரி இருக்கிறவங்களுக்குத் தைரியம் வரும்."

அவர் சிட்டுவைக் கூர்ந்து பார்த்தார். "நாளைக்கு நானே சொல்றேன்."

மறுநாள் காலை, ஊர் முழுக்க அவர் குரல் ஒலித்தது. "நேயர்களே, முப்பது வருஷமா ஒரு கதை சொல்லிட்டு வர்றேன். அதுல ஒரு தப்பு இருக்கு. திருத்திக்கிறேன்."

நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, கேசட்டையும் ஓடவிட்டார். பிறகு வெளியே போய் அத்தையைக் கையோடு அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"ஐயோ, நான் என்ன பேசுறது?" அத்தை பதறினார்.

"நான் கேள்வி கேக்குறேன் அத்தை, நீங்க பதில் சொல்லுங்க," என்றாள் சிட்டு.

அத்தை பேசத் தொடங்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வெளியே போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றதும் மறுபடி அடித்தது. எடுக்கத்தான் ஆள் இல்லையே!

காலை மாமா ஓடிப்போய் அத்தையின் மேசையில் உட்கார்ந்தார்.

"வணக்கம், வானொலி நிலையம். அத்தைகிட்ட பேசணுமா? கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கு முன்னாடி எட்டுப் பேர் காத்திருக்காங்க!"